வெண்மலர் யாருக்குச் சொந்தம்?

திருமண ஓலை எழுதும் பொருட்டு அண்மையில் இரு குடும்பத்தார் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தனர். திருமுழுக்குச் சான்று, உறுதிபூசுதல் சான்று, திருமண முன்தயாரிப்பு வகுப்புச் சான்று அனைத்தும் ஒழுங்காக இருந்தன. கையெழுத்துகள் முடிந்தபின் மணமகள் ஒரு படத்தொகுப்பை என் மேசைமேல் விரித்தார். ஏதோ ஒரு நகரத்துக் கோயில். நுழைவாயில் முதல் பலிபீடம் வரை வெள்ளை மலர்களால் வளைவுகள், தூண்கள், திரைகள். "இதைப் போலத்தான் வேண்டும் ஃபாதர். எல்லாம் வெள்ளையாக இருந்தால்தான் எலிகன்டாக இருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள். மாதா சுரூபத்துக்குச் சாத்தியிருக்கும் செவ்வந்தி மாலையை அன்று மட்டும் எடுத்துவிடலாமா? மஞ்சள் நிறம் படத்தில் உறுத்தும்" என்றார்.

அந்தச் செவ்வந்தி மாலை, படுக்கையில் கிடக்கும் தன் கணவருக்காக ஒரு மூதாட்டி சனிக்கிழமைதோறும் சாத்துவது. நான் மறுத்தேன். வந்தவர்கள் முகம் வாடிச் சென்றனர். "சாமியார் பழைய காலத்து ஆள், அழகு என்றால் அவருக்கு ஆகாது" என்று பின்னர் ஊரில் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அழகு எனக்கு ஆகாததன்று. வெண்மலர்மீது எனக்கு வெறுப்பும் இல்லை. என் வழக்கு வேறு. அந்த வழக்கை இப்பக்கங்களில் திறந்த மனத்தோடு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் மலரின் பக்கமே நிற்போம். வெண்மலர்களைத் தமிழர்க்கு யாரும் வெளியிலிருந்து அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மல்லிகை, முல்லை, பிச்சி, நந்தியாவட்டை, தும்பை, வெண்தாமரை என நம் மண்ணின் வெள்ளைக்கே ஒரு தனி அகராதி உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு ஒரே மூச்சில் 99 மலர்களை அடுக்குகிறது. நம் முன்னோர் ஒரு நிலத்திற்கே முல்லை என்று பெயரிட்டு, பிரிந்து சென்ற தலைவனுக்காகக் காத்திருக்கும் அன்பை அம்மலரின் பொருளாக வைத்தனர். பொறுத்திருக்கும் அன்பு, வாக்கு மாறாத அன்பு! திருமண அருள்சாதனத்திற்கு இதைவிடப் பொருத்தமான மலரை எவர் தேடித் தர இயலும்? ஆனால் அந்தப் படத்தொகுப்பில் முல்லை ஒன்றுகூட இல்லை.

"நம் ஊர்ப் பூ மட்டுமே நல்ல பூ" என்றும் நான் வாதிடவில்லை. நாம் இன்று மாலைதோறும் கோக்கின்ற சம்பங்கி, மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. வந்தது, வேரூன்றியது, நம்முடையதாயிற்று. நற்செய்தியும் இம்மண்ணுக்கு அவ்வாறே வந்தது. ஆகவே பூவின் பிறப்பிடம் எனக்குப் பொருட்டன்று. அது எதற்காக, எவரை முன்னிறுத்த, எவரை மறைக்கக் கோயிலுக்குள் கொண்டுவரப்படுகிறது என்பதே பொருட்டு.

"வெள்ளைதானே ஃபாதர் கிறிஸ்தவத் திருமணத்தின் நிறம்?" என்று படித்தவர்களே கேட்கின்றனர். திருச்சபை எந்த மணப்பெண்ணுக்கும் வெள்ளையைக் கட்டளையிட்டதில்லை. ஐரோப்பாவிலேயே பல நூற்றாண்டுகளாக மணப்பெண்கள் தங்களிடமிருந்த நல்ல ஆடையைப் பல நிறங்களில் உடுத்தியே கோயிலுக்கு வந்தனர். 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இங்கிலாந்தின் விக்டோரியா அரசி வெண்பட்டு உடுத்தி, தலையில் ஆரஞ்சு மலர் வளையம் சூடி மணம் புரிந்தார். அந்தப் படம் இதழ்கள் வழியே வீடுதோறும் பரவியது. அரசி உடுத்தியதைச் சீமாட்டிகள் உடுத்தினர்; சீமாட்டிகள் உடுத்தியதை நடுத்தர மக்கள் உடுத்தினர்; ஆட்சியாளரோடு அது கடல் கடந்து நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. அரசி கத்தோலிக்கரும் அல்லர். அவர் அரண்மனை வழக்கத்தை நம் ஞானோபதேசத்தின் பக்கமாக எண்ணிக்கொண்டோமே, அதுதான் வேடிக்கை.

எனினும் வெள்ளைக்கு நம் விசுவாசத்தில் ஆழமான பொருள் உண்டு. திருமுழுக்கின்போது குழந்தைக்கு நாம் போர்த்தும் ஆடை வெள்ளை. பாஸ்கா காலத் திருவுடை வெள்ளை. திருவெளிப்பாட்டில் அரியணைமுன் நிற்கும் எண்ணற்ற மக்கள்திரள் அணிந்திருப்பதும் வெண்ணுடையே. கவனியுங்கள்: அந்த ஆடையை அவர்கள் விலைக்கு வாங்கவில்லை. ஆட்டுக்குட்டியின் இரத்தத்தில் தோய்த்து வெண்மையாக்கினர். நம் கோயிலில் படகுச் சொந்தக்காரரின் பேரனுக்கும், அந்தப் படகில் கூலிக்குச் செல்பவரின் பேரனுக்கும் திருமுழுக்கில் ஒரே வெண்ணுடைதான். வெள்ளையின் கிறிஸ்தவப் பொருள் இதுவே: இலவசமாகவும் எல்லோருக்கும் சமமாகவும் கிடைத்த அருள். அந்த வெள்ளையை இன்று 'எங்களால் முடிந்தது, உங்களால் முடியாதது' என்று காட்டும் அடையாளமாக மாற்றுவது, திருமுழுக்குத் தொட்டியிலிருந்து ஒன்றைத் திருடிச் சந்தையில் விற்பதற்கு ஒப்பாகும்.

இன்னும் சிலர் நற்செய்தியையே சான்றுக்கு அழைக்கின்றனர். "ஆண்டவரே லீலி மலரைப் புகழ்ந்தாரே" என்கின்றனர். அவர் காட்டியது கலிலேயாவின் வயல்வெளியில் தானே முளைத்து, இன்று இருந்து நாளை அடுப்பில் எறியப்படும் பூவை. மூல மொழியில் உள்ள சொல் பல காட்டு மலர்களைக் குறிக்கக்கூடியது. இளவேனிலில் அங்குச் செக்கச்செவேலெனப் பூக்கும் அனிமோனி மலராக அது இருக்கலாம் என்று கருதும் விவிலிய அறிஞர் பலர். நம் தமிழ் மொழிபெயர்ப்புகளும் காட்டு மலர் என்றே சொல்லுகின்றன. எந்நிறமாயினும், அவர் அதைச் சுட்டிக்காட்டியது எதை உடுப்போம் என்ற கவலையை விடச் சொல்லுவதற்காக. கவலையை விடச் சொல்லக் காட்டிய அதே மலரை நாம் கவலைக்கும் கடனுக்கும் காரணமாக்கிவிட்டோம்.

கடன் என்று சொன்னேன். இந்தக் கட்டுரையின் உண்மையான காரணம் அதுதான். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஏனெனில் இதில் என் பங்கும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய வேறொரு பங்கில் கோயில் வாயிலருகே பூக்கட்டி விற்கும் ஒரு தாய் இருந்தார். மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போதே கணவர் இறந்துவிட்டார். அதன்பின் மல்லிகையை முழம் போட்டு விற்றே மகளைச் செவிலியர் படிப்புவரை படிக்க வைத்தார். மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெருஞ்செல்வர் அல்லர். ஆனால் உறவினர் முன் குறைந்துவிடக் கூடாது என்ற அச்சம் மிகுந்தவர்கள். கோயில் அலங்காரம் பெண் வீட்டாரின் பொறுப்பு என்றும், முழுவதும் வெள்ளையாக, நகரத்திலிருந்து ஆள் வந்து செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டனர். செலவு 85,000 ரூபாய். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு அத்தாய் கடன் வாங்கினார். அலங்காரத்திற்கு அனுமதி கேட்டு என்னிடம் வந்தபோது நான் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. 'சரி' என்று ஒரே சொல்லில் முடித்தேன்.

திருமணத்திற்கு முந்தைய நாள் மாலை, தன் கையால் கட்டிய நெருக்கமான மல்லிகைச் சரத்தை மாதா பீடத்தில் தொங்கவிட்டுச் சென்றார். இரவில் வந்த அலங்காரக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டனர். விளக்குச் சூட்டில் மல்லிகை பழுப்பேறிவிடும், படத்துக்கு ஆகாது என்றார்களாம். காலையில் கோயில் முழுதும் வெள்ளை ஆர்க்கிட்டுகளும் கார்னேஷன்களும் நின்றன. மாலைத் தட்டை ஏந்திவர அத்தாய் முன்வந்தபோது, நெருங்கிய உறவுப் பெண் ஒருவர் அவர் முழங்கையைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்ததைப் பலிபீடத்தில் நின்ற நான் கண்டேன். கைம்பெண் மாலையைத் தொடலாகாதாம். தட்டு வேறு கைக்கு மாறியது. நான் வாய் திறக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வருகைப் பாடலைத் தொடங்கச் சைகை செய்தேன். நண்பகலுக்குள் பூக்கள் அனைத்தும் பிடுங்கப்பட்டு, மற்றோர் ஊரின் வரவேற்பு மேடைக்காக வண்டியேறின.

மூன்றாண்டு கழித்து அந்தக் கடனின் வட்டியை இன்னும் கட்டிக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக, நாரில் பூவைக் கோத்தபடியே சொன்னார்: "கோயில் நிறைய பூ இருந்துச்சு சாமி. எங்கையால கட்டினது ஒண்ணுகூட இல்ல."

அன்று அந்தக் கோயிலில் வெண்மை நிறைந்திருந்தது. திருமுழுக்கின் வெண்மை எங்கே இருந்தது? கைம்பெண்களை மதித்துப் போற்றச் சொல்லித் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட திருமுகம் நமக்குத் தெரியும். தொடக்கத் திருச்சபை கைம்பெண்களின் பெயர்ப் பட்டியலையே வைத்திருந்ததும் தெரியும். நாயீன் ஊர்க் கைம்பெண்ணைக் கண்டு ஆண்டவர் மனமிரங்கிய பகுதியைக் கண்ணீர் மல்க வாசிக்கவும் நமக்குத் தெரியும். ஆனால் ஒரு முழம் பூவைத் தொட அவளுக்கு உரிமை இல்லை என்னும் வழக்கம் நம் கத்தோலிக்க இல்லங்களில் இன்னும் சாகவில்லை. வெள்ளைச் சேலையை அவள்மேல் துயரமாகப் போர்த்துகிறோம். அதே வெள்ளையை மேடைமேல் நாகரிகமாக விரிக்கிறோம். இந்த முரண்பாடு நம் கண்ணில் படுவதேயில்லை.

இன்னொரு புறத்தையும் எண்ணிப் பாருங்கள். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013ஆம் ஆண்டு. அதைக் கேட்டுப் பெருமைப்பட்டோம். அம்மல்லிகை நம் கைக்கு வரும் வழியை எத்தனை பேர் அறிவோம்? மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும். ஆகவே பெண்கள் விடியலுக்கு நெடுநேரம் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகின்றனர். பனிக்காலத்தில் விளைச்சல் குறைந்து விலை கிலோ ஆயிரங்களைத் தாண்டும். அப்போது விற்கப் பூ இராது. கோடையில் பூ குவியும். அப்போது விலை இராது. 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் வாங்குவாரின்றிச் செடியிலேயே பூக்கள் காய்ந்தன. நிலக்கோட்டையிலும் தோவாளையிலும் விடியுமுன் கூடுகின்ற அந்தச் சந்தைகளை நம்பித்தான் பறிப்பவர், சுமப்பவர், கட்டுபவர், விற்பவர் என எத்தனையோ வீடுகளின் அடுப்பு எரிகிறது. ஆர்க்கிட்டை வளர்ப்பவரும் உழைப்பாளிதான், மறுக்கவில்லை. ஆனால் கோயில் வாயிலில் அமர்ந்திருக்கும் பெண்ணைக் கடந்து, தாய்லாந்திலிருந்து விமானத்தில் வந்த பூவை உள்ளே கொண்டுபோகும்போது, அவளைப் பற்றி ஒரு கணம் எண்ணுவது நம் கடமை அன்றோ? அப்பூக்களைச் செருகி நிறுத்தப் பயன்படும் பச்சை நுரைக்கட்டி மக்காத நெகிழிப் பொருள் என்பதையும், திருமணம் முடிந்தபின் அது கோயில் கிணற்றடியில்தான் கிடக்கிறது என்பதையும் கோயில்பிள்ளையைக் கேட்டால் சொல்லுவார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கற்றவர்கள் அதை என் முன்னும் வைத்தனர். "பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஊற்றியபோது, ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் பார்த்தவன் யூதாசு அல்லவா? நீங்களும் அந்தக் கணக்கைத்தானே பார்க்கிறீர்கள்?" என்றனர். நல்ல கேள்வி, பல இரவுகள் என்னைத் தூங்கவிடாத கேள்வி. என் மறுமொழி இது: மரியா அந்தத் தைலத்தை ஊற்றியது ஆண்டவரின் காலடியில், தன் தலையிலன்று. தன்னிடமிருந்ததைக் கொடுத்தார், பிறரைக் கடனாளியாக்கிக் கொடுக்கவில்லை. வீடு முழுவதும் அந்த மணம் பரவியது. எவரும் வெளியே நிறுத்தப்படவில்லை. ஒரு மணப்பெண் தன் உழைப்பின் பயனால் பலிபீடத்தைச் சுற்றி மலர் வைத்து, 'ஆண்டவரே, இது உமக்கு' என்று சொன்னால் நான் அவள் முன் தலைவணங்குவேன். ஆனால் மாதாவின் மாலையைக் கழற்றச் சொல்லும் அலங்காரம் எவருக்காக வைக்கப்படுகிறது என்பதை அவரவர் மனச்சான்றே சொல்லட்டும்.

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, வழிபாட்டில் தனி மனிதருக்கோ வகுப்பினருக்கோ சடங்கிலும் வெளி ஆடம்பரத்திலும் தனிச் சலுகை காட்டக் கூடாது என்கிறது. வெறும் செலவுமிகுதியைவிட மாண்புமிக்க அழகையே நாட வேண்டும் என்றும் அதே திரட்டு கற்பிக்கிறது. திருப்பலி நூலின் பொதுப் போதனையோ மலர் அலங்காரம் என்றும் அளவோடு இருக்க வேண்டும், பலிபீடத்தின் மேலே அன்றி அதைச் சுற்றியே அமைய வேண்டும் என்று கூறி, தவக்காலத்தில் சில நாள்கள் நீங்கலாகப் பலிபீடத்தை மலரால் அலங்கரிப்பதையே விலக்குகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில், அழைப்பிதழும் ஆடையும் விருந்தும் மணமக்களின் பணத்தையும் வலிமையையும் மகிழ்ச்சியையும் உறிஞ்சிவிடுவதைக் குறிப்பிட்டு, மற்றவரினின்று மாறுபட்டு நடக்கும் துணிவை அவர்களுக்குப் பரிந்துரைத்தார். மாறுபடும் துணிவு! நம் மணமக்களிடம் குறைந்திருப்பது பூவன்று, இந்தத் துணிவுதான்.

குருக்களாகிய எங்கள் குற்றத்தையும் மறைக்கலாகாது. முன்பெல்லாம் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று திருமணங்களுக்குக் கட்டணமும் மணியோசையும் பிரிக்கப்பட்டிருந்த கதையை என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பட்டியலைச் சுவரிலிருந்து அகற்றினோம். ஆனால் அலங்காரத்தின் பெயரால் அது வாயில் வழியே திரும்பி வந்தபோது நாங்களே கதவைத் திறந்துவிட்டோம். ஒரே வாரத்தில் இரு திருமணங்கள்: ஒன்றில் பூந்தோட்டம், மற்றொன்றில் வெறும் மேசை. இரண்டாவது பெண்ணின் தந்தை கோயிலைச் சுற்றிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

எலிகன்ட் என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். குருமடத்தில் படித்த இலத்தீன் இங்கே எனக்குத் துணை செய்கிறது. தேர்ந்தெடுத்தல் என்னும் பொருளுடைய வினையோடு உறவுடைய சொல் அது. தேர்ந்தெடுக்கத் தெரிந்தவனே நயமுடையவன். எதை விடுவது என்று அறிவதே தேர்வின் பாதி. ஆகவே மணமக்களே, வெள்ளையையே தேர்ந்தெடுங்கள், தடையில்லை. ஆனால் தேர்ந்தெடுங்கள், படத்தொகுப்பு உங்களுக்காகத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். அந்தப் பருவத்தில் உங்கள் ஊர்ச் சந்தையில் எது பூத்திருக்கிறதோ அதை வாங்குங்கள். கோயில் வாயிலில் இருப்பவரிடமே கட்டச் சொல்லுங்கள். இரு கண்ணாடிக் குவளைகளில் சம்பங்கி, பலிபீடத்தின் இருபுறமும். மாதாவுக்கு ஒரு மல்லிகைச் சரம். கழுத்தில் மணமாலை. இதற்குமேல் அழகு தேவைப்படுமாயின், நீங்கள் ஒருவர்க்கொருவர் கொடுக்கும் வாக்கு அதைத் தரட்டும். ஏனெனில் இந்த அருள்சாதனத்தின் திருப்பணியாளர் நீங்களே. குருவாகிய நான் திருச்சபையின் பெயரால் அந்த வாக்கை ஏற்றுக்கொள்ளும் சாட்சி. பூக்கள் சாட்சிகூட அல்ல.

என் பங்கில் இவ்வாண்டு ஒரு சிறு ஒழுங்கைத் தொடங்கியுள்ளோம். எந்தத் திருமணமாயினும் கோயிலின் மலர் அலங்காரத்தை அந்தந்த அன்பியமே செய்யும். எல்லோருக்கும் ஒரே அளவு. கொடுக்க மனமுள்ளவர் பங்கின் பொது நிதியில் பெயரின்றிச் சேர்ப்பார். திருமணம் முடிந்தபின் பூக்களில் ஒரு பகுதி கல்லறைத் தோட்டத்திற்கும், மறுபகுதி நோயாளர் இல்லங்களுக்கும் செல்லும். மாலைத் தட்டை மணமக்களின் தாயர் ஏந்தி வருவர். அவர் கைம்பெண்ணாயின் அவரே முதலில் வருவார். இந்தக் கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு மிகுதி. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஒருமுறை வாய் திறவாமல் நின்றது போதும்.

வீரமாமுனிவர் புனித சூசையப்பரைப் பாடிய காப்பியத்திற்குத் தேம்பாவணி என்று பெயரிட்டார். வாடாத மாலை என்று அதற்குப் பொருள் சொல்வர். நம் கோயில்களில் அந்தப் புனிதரின் கையில் வெண் லீலி மலர் இருக்கிறது. அவர் ஒரு தச்சர். நாசரேத்தில் அவர் வீட்டுத் திருமணத்திற்கு எத்தனை பூ வந்தது என்று எந்த நற்செய்தியாளரும் எழுதி வைக்கவில்லை. அவர் தம் மனைவியை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாத நேர்மையாளர் என்று மட்டும் எழுதி வைத்தனர். பிறரை இகழ்ச்சிக்கு உள்ளாக்காத அந்த நேர்மை உள்ள கையில்தான் வெண்மலர் பொருந்தும்.

படத்தொகுப்போடு வந்த அந்த மணமகளை நான் மீண்டும் அழைத்திருக்கிறேன். செவ்வந்தி மாலை சாத்தும் அந்த மூதாட்டியையும் அன்று வரச் சொல்லியிருக்கிறேன். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் அருந்தட்டும். அதன்பின் எந்தப் பூ வேண்டும் என்று மணமகளே சொல்லட்டும்.